‘போல’ வந்தாலே உவமை அணியா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். டியூஷனில் வாங்கச் சொன்ன கையேட்டில், ‘போல வந்தால் உவமை அணி, வராவிட்டால் உருவக அணி’ என்று போட்டிருக்கிறது. அதை நம்பி, சிலப்பதிகாரத்தில் ‘வாரல் என்பனபோல்’ என்று வரும் வரிக்கு உவமை அணி என்று எழுதினாள். தமிழாசிரியர் மதிப்பெண் போடவில்லை. யார் சொல்வது சரி?
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆசிரியர் செய்தது சரிதாங்க. தப்பு கையேட்டில் இருக்கிறது.

முதலில் உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம். ‘சிறுவாணித் தண்ணீர் போல இனிக்கும் பேச்சு’ என்றால் பேச்சு வேறு, தண்ணீர் வேறு. இரண்டையும் ஒப்பிடுகிறோம், அது உவமை. ‘பேச்சு என்னும் சிறுவாணி’ என்றால் இரண்டையும் ஒன்றாகவே ஆக்கிவிட்டோம், அது உருவகம். மதிமுகம் என்றால் நிலவு போன்ற முகம். முகமதி என்றால் முகமே நிலவு. உங்கள் மகளுக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அந்தச் சிலப்பதிகார வரிதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டை மதில்மேல் கொடி அசைகிறது. காற்றடித்தால் கொடி அசையத்தான் செய்யும். ஆனால் உள்ளே போனால் கோவலன் உயிரோடு திரும்ப மாட்டான் என்பது இளங்கோவடிகளுக்குத் தெரியும். அதனால் இயல்பாக ஆடும் கொடியின்மேல் தன் கருத்தை ஏற்றி, ‘வராதீர்கள், வராதீர்கள்’ என்று அது கை காட்டித் தடுப்பதாகப் பாடுகிறார். புலவர் தன் குறிப்பை ஏற்றுவதால் இது தற்குறிப்பேற்ற அணி. ‘போல்’ இருந்தும் உவமை அணி ஆகவில்லை. ‘போல’வைப் பார்த்ததும் அம்மிணி இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். இங்கே இயல்பாக நடந்தது என்ன? அதற்குப் புலவர் தாமாகக் காரணம் எதுவும் சேர்த்தாரா? சேர்த்திருந்தால் தற்குறிப்பேற்றம்.

‘போல’ இல்லாவிட்டால் உருவகம் என்பதும் பொய். ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளில் உருபே, அதாவது ‘போல’ மாதிரி ஒப்பிட்டுக் காட்டும் சொல்லே கிடையாது. ஆனாலும் எழுத்துக்கு அகரம் முதல், உலகுக்குக் கடவுள் முதல் என்று உவமையும் பொருளும் தனித்தனியாக நிற்பதால் அது எடுத்துக்காட்டு உவமை அணி. நன்னூல் என்ற இலக்கண நூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, அன்ன என 12 உவம உருபுகளை அடுக்கிவிட்டுப் ‘பிறவும்’ என்றும் சேர்க்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று நம் பகுதியில் சொல்வது வழக்கம். அவர் மண்ணிலேயே ‘போல’ ஒன்றை மட்டும் அச்சடித்து விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இந்தக் கையேட்டு வியாபாரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ‘ஒரே நாளில் அணி இலக்கணம்’, ‘சென்டம் உறுதி’ என்று அட்டையில் போட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். போன வருஷக் கையேட்டின் தப்பு இந்த வருஷ அட்டைக்குள் அப்படியே இருக்கும். சில டியூஷன்காரர்கள் அதையே ஜெராக்ஸ் போட்டுத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். அரசு பாடநூலில் அணியின் விளக்கமும் சான்றும் பொருத்தமும் இருக்கிறது, அதுவே தாராளம்.

பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. ஒரு மதிப்பெண் வினாவில் அணியின் பெயரை மட்டும் கேட்டால், கவிதையை யார் படிப்பார்கள்? குறுக்கு வழியைத்தான் தேடுவார்கள். வருஷா வருஷம் இதே மாதிரிதான் வினாத்தாள் வருகிறது, யாரும் மாற்றுவதாகத் தெரியவில்லை.

போன மதிப்பெண்ணுக்காக ஆசிரியரிடம் போய் நிற்க வேண்டாங்க. அடுத்த தேர்வில் நெடுவிடைக்கு அணியின் பெயர், அதன் இலக்கணம், பாடல் வரி, எந்தச் சொல்லில் அணி நிற்கிறது என்ற பொருத்தம், இந்த நான்கையும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பொருத்தம் எழுதும்போதே பெயர் தப்பாக இருந்தால் அவளுக்கே தெரிந்துவிடும்.