பச்சிளங்குழந்தையின் இதயம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பிறந்து 30 மணி நேரமான என் மகளுக்கு ஆக்சிமீட்டரில் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி) வலது கை 96, கால் 91. ஏன் இரண்டு இடத்தில் பார்க்கிறார்கள்?

கருவில் நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் டக்டஸ் என்ற குழாய், பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ளும். வலது கைக்கான கிளை அதற்கு முன்பே பிரிந்துவிடும். காலுக்குப் போகும் ரத்தம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். டக்டஸ் வழியே ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கலந்தால் கால் அளவு மட்டும் இறங்கும். இரண்டும் 95-க்குக் குறையாமல், வித்தியாசம் 3-ஐத் தாண்டாமல் இருந்தால் சரி. உங்கள் மகளுக்கு வித்தியாசம் 5. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கட்டும். அப்போதும் அப்படியே இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். நுரையீரல் தொற்றிலும் இப்படி வரும், அதையும் பார்ப்பார்கள். ஏதாவது ஓர் அளவு 90-க்குக் கீழே போனால் மறுசோதனைக்கே காத்திருக்கக் கூடாது.

பாதம் சில்லென்றிருந்தாலும், குழந்தை உதைத்து அழுதாலும் எண் பிசகும். பாதத்தைச் சூடாக்கி, குழந்தை அமைதியானதும், திரையில் அலை சீரான பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும். பெரியவர்களின் விரல் கிளிப் உதவாது.

என் மகனுக்கு ஆக்சிமீட்டர் சோதனையில் 98 வந்தது. ஆறாம் நாளான இன்று, நாலு வாய் பால் குடித்ததும் நெற்றி வேர்த்துத் தூங்கிவிடுகிறான். பாதமும் சில்லென்றிருக்கிறது.

இப்போதே கிளம்புங்கள். மகாதமனிச் சுருக்கத்தை ஆக்சிமீட்டர் பல நேரம் தவறவிடும்; டக்டஸ் மூடும்போதுதான் சுருக்கம் இறுகும். தொடை இடுக்கில் நாடி கிடைக்கிறதா, கைக்கும் காலுக்கும் ரத்த அழுத்தம் வேறுபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தாலுகா மருத்துவமனை செவிலியர் நான். டக்டஸை மூடவிடாமல் வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை எப்படி ஓட்டுவது?

டக்டஸை நம்பிய இதயக் கோளாறு என்று மருத்துவர் சந்தேகித்தால், எக்கோவுக்காகக் காத்திருக்காமல் தொடங்கலாம். குழந்தை சோர்ந்திருந்தால் வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 மைக்ரோகிராம். 500 மைக்ரோகிராம் ஆம்பியூலை 5% டெக்ஸ்ட்ரோஸில் மொத்தம் 50 மில்லியாகக் கலந்தால், 3 கிலோ குழந்தைக்கு மணிக்கு 0.9 மில்லி. தனி லைன் (ரத்த நாளத்தில் மருந்து செலுத்தும் குழாய்) வேண்டும். அதில் வேறு திரவத்தை வேகமாகச் செலுத்தி ஃபிளஷ் செய்யாதீர்கள். லைன் கழன்றால் சில நிமிடங்களில் மருந்தின் பலன் போய்விடும், அதனால் இரண்டாவது லைனும் தயாராக இருக்கட்டும். மூச்சு நின்றுபோவதுதான் பெரிய ஆபத்து, முக்கியமாக 2 கிலோவுக்குக் கீழே. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பேக்-மாஸ்க் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆக்சிஜனை 95-க்கு ஏற்றப் பார்க்க வேண்டாம்; இத்தகைய பல குழந்தைகளுக்கு 75 முதல் 85 போதும்.

பெருந்தமனிகள் இடம் மாறியிருக்கின்றனவாம். உடனே அறுவையா?

முதலில் பலூன் குழாயால் மேலறைகளின் இடைச்சுவரைத் திறந்து ரத்தம் கலக்க வழி செய்வார்கள், தேவைப்பட்டால். தமனிகளை மாற்றித் தைக்கும் அறுவையைப் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் முடிப்பார்கள்; தள்ளிப்போனால் இடது கீழறை பலமிழந்துவிடும்.