பேர்ஃபுட் ஷூவை எல்லோரும் கிண்டல் செய்கிறார்களே, சென்னையில் அதைப் போட்டு நடப்பது சரிவருமா?

நான் போடுகிறேன். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து ஆபீஸ் வரை நடை. சில வருஷமாக எல்லாம் இதில்தான். எனக்குச் சரிவருகிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஷூவைவிட "சும்மா ஏமாத்து வேலை" என்று சொல்லும் உங்கள் அப்பாதான் பெரிய பிரச்சினை போலத் தெரிகிறது. அவர் சொல்வதில் பாதி உண்மை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த ஷூவைப் பார்த்திராதவர்களுக்காக: அடிப்பாகம் மெல்லிசாக, சுருட்டினால் சுருளும்படி இருக்கும். குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் நிற்கும். சாதாரண ரன்னிங் ஷூவில் குதிகால் 10 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருப்பது வழக்கம். முன்பக்கம், விரல்கள் விரிந்து நிற்கும் அளவுக்கு அகலம். இவ்வளவுதான் சமாச்சாரம்.

இதை வைத்து விற்பவர்கள் கட்டிய கதைதான் பெரிசு. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த ஷூவைக் கொண்டுவந்த இத்தாலியக் கம்பெனி விப்ரம், அதைப் போட்டால் கால் தசை பலப்படும், காயம் குறையும் என்றெல்லாம் விளம்பரம் செய்தது. ஆதாரம் எங்கே என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2014-ல் 37.5 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. தப்பு செய்ததாக மட்டும் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இதற்கு முன்னால் 2010-ல் ஹார்வர்டின் டேனியல் லிபர்மேன் குழு 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதியது. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகிறார்கள், அதனால் தரையிறங்கும்போது விழும் இடி குறைகிறது என்பது அதன் சாரம். காயமே வராது என்று அதில் இல்லை, விற்றவர்கள்தான் அப்படிச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் ஓட்டத்தைப் பற்றிய பேச்சு. நடக்கும்போது ஷூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் குதிகால்தான் முதலில் படும், அதுதான் இயல்பு. யூடியூப் பார்த்துவிட்டு நுனிக்காலில் நடந்து பழகாதீர்கள்.

எனக்கு நம்பிக்கை தந்தது வேறு இரண்டு ஆய்வுகள். இரண்டிலுமே பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா ரிட்ஜ் இருக்கிறார். 2013-ல் வந்ததில், ஓடிப் பழகியவர்களை 10 வாரத்தில் ஐவிரல் ஷூவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். பலருக்குப் பாத எலும்புக்குள் நீர்கோத்திருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. 2019-ல் வந்ததில், இந்த மாதிரி மெல்லிய ஷூ போட்டு அன்றாடம் நடந்தவர்களுக்கு, பாதத்துக்கென்று தனியாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இணையாகத் தசை பலப்பட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: நடக்கலாம், அவசரப்பட்டு ஓடக் கூடாது.

சரி, நான் வாங்கியது தசைக்காக இல்லை. கால் ஆணிக்காக. சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவேன், வெள்ளையாகத் தோல் உரிந்து வரும், கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்ப முளைக்கும். ஆணி என்பது ஓயாத அழுத்தத்துக்குத் தோல் தடித்துப்போவதுதான். அழுத்துகிற ஷூ மாறாதவரை பிளாஸ்திரி என்ன செய்யும்? பெண்களுக்கான ஆபீஸ் ஷூக்கள் முன்னால் கூம்பித்தான் முடியும். அதற்குள் மெட்டி போட்ட விரலையும் சேர்த்துத் திணித்தால், சாயங்காலம் கழற்றும்போது பக்கத்து விரலில் மெட்டியின் முத்திரை சிவப்பாகப் பதிந்திருக்கும். இந்த ஷூக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் வெளிநாட்டுக்காரர்கள் யாரும் மெட்டியைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை! அகலமான ஷூவுக்கு மாறிய பிறகு மெட்டி இடிப்பதில்லை. ஆணியும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. ஐவிரல் ஷூவுக்கும் மெட்டிக்கும் ஒத்துவராது, அந்த ஆசையே வேண்டாம்.

இதற்கு பேர்ஃபுட் ஷூதான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். முன்பக்கம் அகலமாக இருக்கும் எந்த ஷூவும் போதும். ஆனால் கடையில் போய் அகலம் கேட்டால் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துத் தருகிறார்கள். நீளம்தான் கூடுகிறது, விரல் நெரிவது நெரிந்துகொண்டே இருக்கிறது.

இனி கிண்டல். என் மாமனார் முதல் நாளே கேட்டார்: "ஏம்மா, ஒண்ணுமே இல்லாத ஷூவுக்கு இவ்வளவு காசா? செருப்பைக் கழட்டி வச்சுட்டுப் போனா ஓசியிலேயே கிடைக்குமே?" ஆபீஸில் பக்கத்து சீட் பையன், "அக்கா, ஷூ மேல ரோடு ரோலர் ஏறிடுச்சா?" என்றான். இரண்டுமே நல்ல ஜோக், நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றை கவனியுங்கள். கார்த்திகை பிறந்தால் அதே ஆபீஸில் மாலை போட்டவர்கள் ஒரு மண்டலம் வெறுங்காலோடு வருகிறார்கள். லிஃப்டிலோ கேன்டீனிலோ அவர்களை நிறுத்தி "பாதத்துக்கு சப்போர்ட் வேண்டாமா?" என்று யாரும் கேட்பதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களையும் கேட்பதில்லை. ஆக, பாதத்துக்கு என்ன ஆகுமோ என்ற கவலை இல்லை இது. காசு கொடுத்து வாங்கியதில் ஒன்றும் காணோமே என்ற எரிச்சல்தான். விலை விஷயத்தில் நானும் உங்கள் அப்பா கட்சி. வெளிநாட்டு பிராண்டுகள் பத்தாயிரத்தைத் தாண்டுகின்றன. இந்தியாவிலேயே செய்பவை அதைவிட நன்றாகக் குறைவாகக் கிடைக்கின்றன, முதல் ஜோடிக்கு அது போதும்.

யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய சந்தேகங்கள் வேறு. சித்திரை வெயிலில் மதியம் கோயில் பிராகாரத்தைச் சுற்றியவர்களுக்குக் கல் எப்படிச் சுடும் என்று தெரியும். தார் ரோடும் அப்படித்தான். மெல்லிய அடியில் சூடு சீக்கிரம் ஏறிவிடும். சிக்னலில் நிற்கும்போது கால் மாற்றி மாற்றி நிற்க வேண்டிவரும், நிழலாகப் பார்த்து நின்றுவிடுவது மேல். மெட்ரோ வேலை நடக்கும் தெருக்களில் சிதறிக் கிடக்கும் ஜல்லி ஒவ்வொன்றும் பாதத்தில் உறைக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு, கண் தானாகத் தரைக்குப் போகிறது. நம் ஊர் பிளாட்பாரத்துக்கு அது தேவைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடுவதே இல்லை. தேங்கிய தண்ணீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும், ஈரம் ஊறிய துணி ஷூவுக்குள் கால் வெந்துபோகும். அந்த இரண்டு மாசமும் ரப்பர் செருப்புதான், வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவல்.

பழக்கிக்கொள்வது பற்றி இணையத்தில் படிப்பதெல்லாம், காலை எழுந்ததிலிருந்து ராத்திரி வரை ஷூவிலேயே இருப்பவர்களுக்காக எழுதியவை. நாம் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருகிறவர்கள், பாதம் ஓரளவு பழகித்தான் இருக்கிறது. கர்நாடகத்தில் ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் கால்தடத்தைப் பார்த்து 1992-ல் எழுதினார்கள். செருப்பு போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். குழந்தைகளைப் பற்றிய கணக்கு இது. நாற்பது வயதில் ஷூ மாற்றினால் தட்டைப்பாதத்துக்கு உள்வளைவு வந்துவிடும் என்று இதை இழுக்க முடியாது. தவிர, வீட்டு டைல்ஸில் வெறுங்காலோடு நின்றே குதிகால் வலி வந்து, டாக்டர் சொல்லி வீட்டுக்குள் மெத்து செருப்பு போடுகிறவர்கள் எத்தனை பேர்! என் அம்மாவே அப்படித்தான். அவருக்கு இந்த ஷூவை நான் சிபாரிசு செய்ததில்லை. உங்களுக்கும் குதிகால் வலி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் ஆரம்பத்தில் கெண்டைக்கால் இழுக்கும், குதிகால் கீழே இறங்கியதால் வருவது அது. தினம் கொஞ்ச தூரம் இதில் நடந்துவிட்டு, மீதிக்குப் பழைய ஷூவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன், அதிலும் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால். கல் குத்துவது தெரிய வேண்டும் என்பதுதான் இந்த ஷூவின் அடிப்படை. தெரியாத காலுக்கு அது புண்ணில்தான் முடியும். டாக்டர்கள் எழுதித் தரும், மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு அவர்களுக்காகவே இருக்கிறது. அப்பாவுக்கு சர்க்கரை என்றால், ஆசையாக ஒரு ஜோடி வாங்கித் தந்து அவரை மாற்றப் பார்க்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கிற பெரியவரிடம் ஒருநாள் இதைக் காட்டினேன். கட்டைவிரலால் அடியை அழுத்தினார், இரண்டாக மடித்தார், விட்டார், உள்ளே கையை விட்டு அகலம் பார்த்தார். "இதுல தைக்க என்னம்மா இருக்கு, கிழிஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார். அப்புறம், "ஆனா முன்பக்கம் சரியா வெட்டியிருக்கான். நாங்க அந்தக் காலத்துல பேப்பர்ல காலை வைக்கச் சொல்லி, பென்சில்ல கோடு போட்டுத்தான் செருப்பு வெட்டுவோம்" என்றார். நீங்களும் அதையே செய்யுங்கள். பேப்பரில் எழுந்து நின்று, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, இப்போது போடும் ஷூவை அதன் மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால், அந்த அளவுக்கு விரல்கள் தினமும் நெரிகின்றன என்று அர்த்தம். அப்பாவின் காலையும் வரைந்து காட்டுங்கள், வாதம் பாதி குறையும். ஆன்லைனில் வாங்கினால் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், வீட்டுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். அடியில் ரோட்டு அழுக்கு பட்டுவிட்டால் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.