போசா நோவா என்ற பிரேசில் இசை ஜாஸின் ஒரு கிளையா?

என்னைக் கேட்டால், பிரேசிலின் தாள இசையான சாம்பாதான் தாய். ஜாஸ் பிறகு வந்து சேர்ந்த உறவு.

1950களின் கடைசியில் ரியோ டி ஜெனிரோவின் கடலோரப் பகுதிகளான கோபகபானாவிலும் இபனேமாவிலும் வளர்ந்த இசை இது. 1958இல் ஜோவாவ் ஜில்பெர்டோ பாடிப் பதிவு செய்த 'ஷேகா டி சவுடாடே'யிலிருந்துதான் பெரும்பாலும் இதன் கதையைத் தொடங்குவார்கள். மெட்டு டாம் ஜோபிம், வரிகள் வினிசியஸ் டி மொராயஸ்.

அதில் வரும் கிட்டாரைக் கவனியுங்கள். சாம்பா ஊர்வலத்தில் சுர்டோ என்ற பெரிய முரசு 'தும், தும்' என்று நடை போடும். தம்போரிம் என்ற சின்னத் தோல்கருவி அந்த நடைக்கு இடையில் புகுந்து விளையாடும். ஜில்பெர்டோ இரண்டையும் ஒரே கிட்டாருக்குள் கொண்டுவந்துவிட்டார். கட்டைவிரல் முரசாகிறது, மற்ற விரல்கள் கார்டுகளை (chords, ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) தாளம் தள்ளி மீட்டுகின்றன. அதன்மேல் காதோடு பேசுவதுபோல ஒரு மெல்லிய குரல். அதுவும் தாளத்துக்குச் சற்று முன்னே, சற்றுப் பின்னே என்று நகரும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இந்த இடத்தில் மனசு நின்றுவிடும்.

சரி, ஜாஸ் எங்கே? ஜோபிமின் கார்டுகளில் அதன் சாயல் உண்டு. அப்புறம் அமெரிக்கர்களின் ஆர்வம். 1962 நவம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் போசா நோவா கச்சேரி நடந்தது. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் ஜில்பெர்டோவுடன் செய்த ஆல்பம் 1964இல் வந்து, அடுத்த ஆண்டே கிராமியின் சிறந்த ஆல்பம் விருதை வென்றது. அதில் பாடிய அஸ்ட்ரூட் ஜில்பெர்டோவின் குரல் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

முதல்முறை கேட்கும்போது ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டைவிரலை மட்டும் பின்தொடருங்கள்.