மொரிஸ் மைனரின் அடித்தட்டுக் கறளை வீட்டிலேயே எடுக்கலாமா?

கிளிநொச்சியில் முற்றத்தில் நிற்கும் கார் என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். முதலில் கால்மிதியைக் கழற்றி, ஸ்குரூட்ரைவரால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் மேல்கறள்தான். முனை உள்ளே இறங்கினால் எந்தக் கறள் மருந்தும் உதவாது, நல்ல இரும்பு வரும்வரை வெட்டி 1.2 மி.மீ. தகடு வெல்ட் பண்ணவேண்டும்.

இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிப் பகுதியான சில்தான் (sill, சக்கரமல்ல) பாரம் தாங்குகிறது. ஆகவே கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வெல்ட் பண்ணாமல் சில்லை வெட்டாதீர்கள். உடல் தொய்ந்து கதவு பிறகு பூட்டாது. தகட்டுக்குப் பதிலாகக் கூரைத் தகரம் வேண்டவே வேண்டாம்: வெல்ட் பண்ணும்போது அதன் நாகப்பூச்சு எரியும் புகை காய்ச்சலைத் தரும். பெற்றோல் தாங்கியையும் பற்றரியையும் வெல்டுக்கு முன்கூட்டியே கழற்றுங்கள்.

மேல்கறளைக் கம்பி பிரஷாலும், பிறகு 80 எமரித் தாளாலும் தேய்த்து, பிறகு தின்னரால் துடையுங்கள். அன்றைக்கே எபொக்சி பிறைமர் என்ற அடிப்பூச்சு இரண்டு தரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்கினால் தேய்த்த இரும்பு ஒரே இரவில் செம்மை பிடிக்கும். சோளகக் காற்றில் புழுதி ஒட்டும், அதனால் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, படங்கு கட்டி, காலையில் அடியுங்கள்.

கடைசியில் கதவடிச் சில்லுக்குள் மெழுகோ எண்ணெயோ விசிறுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.