ஐரோப்பாவில் கிறித்தவத்துக்கு முந்தைய சடங்குகள் இன்றும் உயிரோடு இருக்கின்றனவா, இல்லை சுற்றுலாவுக்குப் போடும் வேஷமா?

வெள்ளை உடையில் யாரோ நெருப்பைச் சுற்றி ஆடும் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கேள்வியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். எனக்குத் தெரிந்தது லாட்வியா, அதிலும் ஒரே ஒரு பண்ணை வீடு. ஐரோப்பா முழுவதற்கும் என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

அங்கே கோடை நடுவில் இரண்டு நாள் திருவிழா: ஜூன் 23 லீகோ, 24 யாஞி. இரண்டும் அரசு விடுமுறை, ரீகாவே காலியாகிவிடும். என்னோடு வேலை பார்த்தவன் சேசிஸ் பக்கம் இருந்த தன் பாட்டி வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனான். போனதும் தலையில் ஓக் இலை வளையம் ஒன்றை வைத்தார்கள். ஆண்களுக்கு ஓக், பெண்களுக்குப் பூ. வட்டமாக, மஞ்சளாக ஒரு பாலாடைக்கட்டி வந்தது. அது சூரியனாம். அதில் கிடந்தது நம் சீரகம் என்று நினைத்துக் கடித்தேன். பார்க்கத்தான் சீரகம், ருசி வேறு.

மாட்டுக்கொட்டகை வாசலில் பாட்டி ரோவன் மரக் கொப்பு ஒன்றைச் செருகினார். சூனியக்காரிகள் பாலைத் திருடாமல் இருக்க. பாட்டி லூத்தரன் சபைக்காரர், வீட்டில் பைபிள் இருக்கிறது. நான் சும்மா இராமல், “இதையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா?” என்று நண்பனைக் கேட்கச் சொன்னேன். பாட்டி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “கொப்பை எடுத்துவிட்டு மாட்டுக்கு ஏதாவது ஆனால், இவன் வந்து பார்ப்பானா?” அவ்வளவுதான் பதில்.

இருட்ட இரவு பத்தரை ஆகிறது, நாலரைக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. அதுவரை தூங்கக் கூடாது. அன்று தூங்கினால் கோடை முழுக்கத் தூங்குமூஞ்சிதான். கம்பத்தின் உச்சியில் நெருப்பேற்றினார்கள். வெளிச்சம் எட்டுகிற வயல் வரைக்கும் விளையுமாம். இரண்டு மணிக்கு நான் பெஞ்சிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று என்னைக் கிண்டல் செய்து பாடுகிறார்கள், அடிக்கு அடி ‘லீகோ, லீகோ’ என்று முடித்து! பாட்டிதான் முதல் குரல். கிண்டலுக்குக் கிண்டலாக எதிர்ப்பாட்டுப் பாடவேண்டுமாம், அதுதான் முறை. எனக்குத் தெரிந்த ஒரு குத்துப்பாட்டை எடுத்துவிட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த நாலடிப் பாடல்களுக்குத் ‘தைனா’ என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்பவர் இவற்றைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சின்னச் சின்ன இழுப்பறைகள் உள்ள ஒரு அலமாரியில் அடுக்கினார். 1894 முதல் 1915 வரை அச்சில் வந்தவை மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல். அவற்றில் சூரியன் பெண், பெயர் சௌலே. விதி எழுதுகிறவள் லைமா.

‘யாஞி என்றால் யோவான் ஸ்நானகன் திருநாள், இதில் பழைய மதம் எங்கே வந்தது’ என்று கமெண்டில் வருபவர்களுக்கு: சரி, பெயர் யோவானுடையதுதான். கொப்பும் நெருப்பும் பைபிளில் எந்த அதிகாரத்தில் இருக்கின்றன என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். பழையது அப்படியே மாறாமல் வந்திருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. 1920-களில் தொடங்கிய தியெவ்துரி இயக்கம் பழைய மதத்தைப் புதிதாகக் கட்டி எழுப்பியது, அது தனிக் கதை. சோவியத் காலத்தில் பெல்ஷே என்பவர் லாட்வியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராக இருந்தபோது இந்த விடுமுறையையே ரத்து செய்தார்கள். பாட்டி வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தாத்தா பெயர் யானிஸ் (நம் யோவான்தான்), அவர் பெயர் நாளுக்கு, அதாவது காலண்டரில் அந்தப் பெயருக்கென்று இருக்கும் நாளுக்கு, நண்பர்கள் வந்தார்கள், குளிருக்கு நெருப்பு மூட்டினோம் என்றார். ஜூன் மாதத்தில் குளிர்.

ஓக் வளையத்தை வருடம் முழுக்க வைத்திருந்து அடுத்த யாஞி நெருப்பில் போடவேண்டும். என்னுடையதை ரீகா வாடகை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். ஏப்ரலில் காலி செய்யும்போது வீட்டுக்காரர் முன்பணத்தில் 300 யூரோ பிடித்துக்கொண்டார். மசாலா வாடையாம். நான் இருந்த இரண்டு வருடத்தில் ஹீட்டரைச் சரிசெய்ய வராத மனிதர், வாடை பார்க்க மட்டும் மூக்கோடு வந்தார். சுத்தம் செய்த கணக்கில் மூன்றாவது வரி: ‘காய்ந்த இலைக் குப்பை’. அவரும் லாட்வியர்தான்.