மெக்கன்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காலின் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியாவில் திரட்டிய மெக்கன்சி சுவடிகளைப் பற்றிய கட்டுரைக்குப் பிறகு, அந்த ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயரைக் குறித்துப் பல கடிதங்கள் வந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மெக்கன்சிகள் அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்தவர்கள் என்று படித்தேன். உண்மையா? (திருநெல்வேலி)

பதில்: இல்லை. காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற ஐரிஷ் பிரபு 1263இல் லார்க்ஸ் போரில் ஸ்காட்லாந்து அரசனுக்குத் துணை நின்றார், அதற்குப் பரிசாக அங்கே கின்டேல் பகுதியைப் பெற்றார், அவர் வழி வந்தவர்களே மெக்கன்சிகள் என்பது அந்தக் கதை. சான்றாகக் காட்டப்படும் 1266ஆம் ஆண்டுப் பட்டயம் போலியானது என்பது ஆய்வாளர்களின் முடிவு. மெக்கன்சித் தலைவர்கள் பிரபுப் பட்டம் பெற்று உயர்ந்த 17ஆம் நூற்றாண்டில்தான் இந்தக் கதை வலுப்பெற்றது. பட்டத்துக்கு ஏற்ற மூதாதை தேவைப்பட்டார், கிடைத்தார்.

ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் எழுதிய வம்சாவளிகள் இவர்களை மேத்தசன் குலத்தாரோடு சேர்த்து, வட ஸ்காட்லாந்தின் ராஸ் பகுதியின் உள்ளூர்க் குடிகளாகவே காட்டுகின்றன. கென்னத் என்பதன் கேலிக் வடிவம் கொய்னிச். அவன் மகன் என்பதே குலப்பெயரின் பொருள். அந்தக் கென்னத் யார் என்பதற்குக் குல மரபுதான் ஆதாரம், சமகால ஆவணம் இல்லை. 15ஆம் நூற்றாண்டுக்கு வந்தால்தான் கால் தரையில் படுகிறது. 1463இல் மெக்கன்சித் தலைவரான கின்டேலின் அலெக்சாண்டருக்கு ராஸ் பிரபு நிலவுரிமை அளித்தார். 1475இல் அந்தப் பிரபுவே அரசனிடம் ராஸை இழக்க, அந்த வெற்றிடத்தில் மெக்கன்சிகள் வளர்ந்தார்கள். 1610இல் ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலிலுள்ள லூயிஸ் தீவு கைக்கு வந்தது. 1623இல் சீஃபோர்த் பிரபு என்ற பட்டமும் சேர்ந்தது. சீஃபோர்த் என்பது அந்தத் தீவிலுள்ள கடற்கழியின் பெயர்.

சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி 1754 வாக்கில் பிறந்ததும் அதே லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே துறைமுகத்தில்தான். அங்கே சுங்க அதிகாரியாக இருந்தவர் 1783இல் மெட்ராசுக்கு வந்தார். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1821இல் இறந்தார். சீஃபோர்த் குடும்பத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது. லூயிஸில் பிறந்த ஒரு மெக்கன்சிக்கு வெளிநாட்டு வேலை என்றால், சிபாரிசுக்கு முதலில் நாடும் வாசல் அதுதான்.

கேள்வி: மெக்கன்சி, மெக்கென்ஸி, மெக்கிங்கி... எது சரி? மெக் என்றால் ஐரிஷ், மாக் என்றால் ஸ்காட்டிஷ் என்கிறார்களே? (கோவை)

பதில்: அது தவறான நம்பிக்கை. 'மாக்' என்பதன் சுருக்கமே 'மெக்'. எழுதிய குமாஸ்தாவின் கை எதற்குப் பழகியிருந்ததோ அதுதான் பதிவேட்டில் நிற்கும். ஒரே ஆள் திருமணப் பதிவில் ஒருவிதமாகவும் கல்லறையில் வேறுவிதமாகவும் இருப்பது சாதாரணம். எம் எழுத்தும் மேற்கோள் குறியும் மட்டும் போட்டு, அடுத்துப் பெயரை எழுதும் வழக்கமும் உண்டு. கணினியில் தேடும்போது இதைத் தவறவிடுபவர்களே அதிகம்.

'ஸ' ஒலி வந்த வழி வேறு. ஸ்காட்லாந்தின் பழைய ஸ்காட்ஸ் மொழி எழுத்தில் 'ய'கரம் போன்ற ஒலிக்கு 'யோக்' என்று ஒரு தனி எழுத்து இருந்தது. அச்சகங்களில் அந்த எழுத்துரு இல்லை. வடிவத்தில் அதை ஒத்த ஆங்கிலக் கடைசி எழுத்தைப் போட்டார்கள். நாளடைவில் படிப்பவர்கள் எழுத்தில் கண்டபடியே உச்சரிக்க, பழைய உச்சரிப்பு மறைந்தது. இதே எழுத்துள்ள மென்சீஸ் என்ற குலப்பெயரை ஸ்காட்லாந்தில் இன்னும் 'மிங்கிஸ்' என்று சொல்பவர்கள் உண்டு. கேலிக் மூலங்களைப் பார்ப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பெண்களுக்கு 'மாக்' வராது, 'நிக்' வரும். நிக் கொய்னிச் என்றிருந்தால் அது மெக்கன்சி வீட்டுப் பெண்.

கேள்வி: எல்லா மெக்கன்சிகளும் ஒரே மூதாதையின் வாரிசுகளா? மரபணுச் சோதனையில் தெரியுமா? (யாழ்ப்பாணம்)

பதில்: இல்லை. தலைவரின் நிலத்தில் பயிரிட்டவர்கள், பாதுகாப்புத் தேடி வந்தவர்கள் பலர் அவர் பெயரையே ஏற்றார்கள். ஹைலேண்ட் என்ற ஸ்காட்லாந்தின் வட மலைப்பகுதியில் 18ஆம் நூற்றாண்டு வரையில் சாதாரணக் குடிகளுக்கு நிலையான குடும்பப்பெயரே இல்லை. தந்தை, பாட்டன் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். போதகரோ, பட்டாளத்து எழுத்தரோ 'குலப்பெயர் என்ன' என்று கேட்டபோதுதான் மெக்கன்சி என்ற பதில் வந்தது. பெயரை மாற்றிக்கொள்ளாமலே உறுதியாக நின்றவர்களும் உண்டு. மெக்ரே குலத்தார் மெக்கன்சிகளின் இரும்புக் கவசம் என்றே புகழப்பட்டவர்கள். கடைசி வரை மெக்ரேக்களாகவே இருந்தார்கள்.

ஒய் குரோமோசோம் சோதனை தந்தை வழியை மட்டும் காட்டும்; ஆண்கள்தான் மாதிரி தர முடியும். குடும்பத்தில் ஆண் இல்லையென்றால் தந்தையின் சகோதரரையோ அவர் மகனையோ கேளுங்கள். 37 குறிப்பான்கள் (ஒப்பிடும் மரபணு இடங்கள்) வரை மட்டும் பார்க்கும் மலிவான சோதனையில் தற்செயலான பொருத்தங்கள் நிறைய வரும். 111 அல்லது அதற்கு மேற்பட்ட ஆழமான சோதனை எடுத்தால் குழப்பம் குறையும். தலைவர் வம்சத்தோடு பொருந்தவில்லை என்பதற்காக முறைகேடான பிறப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பெயரை ஏற்ற குடும்பம் என்பதே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: என் மருமகளின் முன்னோர்கள் நோவா ஸ்கோஷியாவின் பிக்டோவில் குடியேறிய மெக்கன்சிகள். ஸ்காட்லாந்தில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா? (ஸ்கார்பரோ, கனடா)

பதில்: முடியும். ஆனால் தேடலைக் கனடாவிலிருந்து தொடங்குங்கள். நேரே ஸ்காட்லாந்துப் பதிவேட்டைத் திறந்து 'ஜான் மெக்கன்சி' என்று தேடினால் ராஸ் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் கொட்டும். பொருந்துவதுபோல் தோன்றும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அந்நியர் குடும்பத்தின் மரத்தை முழுசாக வரைந்து முடிப்பவர்கள் ஏராளம்.

ஸ்காட்லாந்திலிருந்து கனடா போனவர்கள் ஒரே அலையில் போகவில்லை. 1773இல் 'ஹெக்டர்' கப்பல் லாக் ப்ரூமிலிருந்து ஏறத்தாழ 190 பேரோடு புறப்பட்டு, செப்டம்பர் 15 அன்று பிக்டோ சேர்ந்தது. வழியில் அம்மையாலும் வயிற்றுப்போக்காலும் 18 பேர் இறந்தார்கள். பின்னர் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றிய காலம். 1846இல் உருளைக்கிழங்கு நோயால் வந்த பஞ்சம். 1850களில் லூயிஸின் புதிய உரிமையாளர் ஜேம்ஸ் மேத்தசன் கப்பல் கட்டணம் கொடுத்துக் கியூபெக்குக்கு அனுப்பிய கூட்டம். 1923 ஏப்ரலில் ஸ்டோர்னோவேயிலிருந்து 'மெட்டகாமா' கப்பலில் போன சுமார் 300 பேர். குடும்பம் எந்த அலையில் வந்தது என்று தெரிந்தாலே ஊர்களின் பட்டியல் பாதியாகச் சுருங்கும்.

நோவா ஸ்கோஷியா ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் இலவசம். ஆனால் 1877க்கும் 1908க்கும் இடையே பதிவே நடக்கவில்லை. அந்த இடைவெளியில் பிறந்தவருக்குச் சர்ச் ஞானஸ்நானப் பதிவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும்தான் கதி. 1901 கணக்கெடுப்பில் பிறந்த தேதியும், வெளியூரில் பிறந்தவராக இருந்தால் குடியேறிய ஆண்டும் உண்டு. பிக்டோ பகுதிக் கல்லறைகளைக் கட்டாயம் பாருங்கள். பழைய கற்களில் பிறந்த ஊரையும் செதுக்கியிருப்பது அங்கே வழக்கம். கனடாவில் 1865க்கு முன் பயணிகள் பட்டியல் முறையாகப் பேணப்படவில்லை. ஹெக்டரின் பட்டியல்கூடப் பயணம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டது. அதில் பெயர் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஊர் தெரிந்த பிறகுதான் 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' என்ற அரசு இணையதளம். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1இல் தொடங்குகிறது. அந்த முதல் ஆண்டின் பிறப்புச் சான்று ஒரு புதையல்: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணமான தேதி, முன்பு பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். வேலை அதிகம் என்று மறு ஆண்டே இவற்றைக் கைவிட்டார்கள். ஆகவே உங்கள் நேர்வழி முன்னோர் இல்லாவிட்டாலும், ஸ்காட்லாந்தில் தங்கிவிட்ட சகோதரர் யாருக்காவது 1855இல் குழந்தை பிறந்ததா என்று தேடுங்கள்.

அதற்கு முந்தைய காலத்துக்குச் சர்ச் பதிவேடுகள். பல ஹைலேண்ட் சபைகளில் அவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்குகின்றன, நடுவே ஓட்டைகளும் உண்டு. 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார்.

மெக்கன்சி போன்ற பொதுவான பெயரில் வழிகாட்டுவது அந்தப் பெயரல்ல, தாயின் பிறந்த வீட்டுப் பெயர். ஸ்காட்லாந்தில் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் ஆவணங்களில் தொடரும். 1855க்குப் பிந்தைய திருமண, இறப்புச் சான்றுகளில் இரு பெற்றோரையும் கேட்டு எழுதியிருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பெயரிடும் மரபும் துணை செய்யும்: முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா, இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா, முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டி. நம் ஊர் வழக்கம்போலத்தான். ஆனாலும் அது குறிப்பு மட்டுமே, சான்று அல்ல.

கேள்வி: மெக்கன்சிகளின் கட்டம் போட்ட டார்ட்டன் துணி எவ்வளவு பழையது? (மதுரை)

பதில்: 1778இல் சீஃபோர்த் பிரபு திரட்டிய படைப்பிரிவின் சீருடையோடு தொடர்புடையது. அரசுப் படைகளின் கரும்பச்சை, நீலக் கட்டத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடுகள் சேர்த்தார்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் மெக்கன்சி என்ற ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் காலின் மெக்கன்சியின் உறவினர்களா? (பெரம்பூர், சென்னை)

பதில்: பெயரை வைத்து அப்படிச் சொல்ல வழியில்லை. மேலே சொன்ன சீஃபோர்த் படைப்பிரிவே 1782இல் மெட்ராசில் இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்போகிறார்கள் என்ற வதந்தியில் 1778இல் எடின்பரோவில் கலகம் செய்த அதே வீரர்கள். கடல் பயணத்தில் ஸ்கர்வி நோயால் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்துபோக, மீந்தவர்கள் கரை சேர்ந்தார்கள். அதன் பிறகும் சிப்பாய், எழுத்தர், வியாபாரி என்று மெக்கன்சிகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அந்தக் குடும்பம் தேட விரும்பினால், கையிலுள்ள கடைசித் திருமணச் சான்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போகட்டும். மெட்ராஸ் மாகாணச் சர்ச்சுகள் லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் உள்ளன, 1698இல் தொடங்குபவை. இந்தியத் தாயின் பெயரை எழுதாமலே விட்ட பதிவுகள் நிறைய. தந்தையின் படைப்பிரிவு எழுதியிருந்தால் அதுதான் அடுத்த படி. அரசப் படைச் சிப்பாயானால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசையில் ஓய்வூதியத் தாளைத் தேடலாம், பிறந்த ஊர் இருக்கும். பணியிலேயே இறந்தவர் அதில் வரமாட்டார். அவருக்கு டபிள்யூஓ 12 வரிசையின் ஆள்வரவுப் பதிவேடு. கம்பெனிப் படைச் சிப்பாயானால் கியூ வேண்டாம், பிரிட்டிஷ் நூலகத்தின் எல்/மில்/11 வரிசையைக் கேளுங்கள்.