வெயில்ல வச்ச குச்சி துளிர்விட்டு கருகுதே, ஏன்?

மதுரைல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: மே மாசம் மொட்டை மாடியில மாதுளை, அத்தி, மா மூணுலயும் குச்சி வெட்டி வச்சாராம், மாங்குச்சி சும்மாவே காஞ்சுது, மத்த ரெண்டும் பத்து நாள்ல துளிர்விட்டுச்சு, அப்புறம் கருகிடுச்சு, வேர் விடறதுக்குத் தடவுற ஹார்மோன் பவுடர் போடாததுதான் காரணமான்னு.

இல்லைங்க. துளிர் வந்தா வேர் வந்துடுச்சுன்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் சிக்கல். குச்சிக்குள்ள சேர்த்து வச்சிருக்க சத்துலயே மொட்டு விரிஞ்சிடும், வேர் மெதுவாத்தான் வரும், அதுக்குள்ள அந்த இலை வழியா இருக்க தண்ணியெல்லாம் வெயிலுக்கு ஆவியாயிடும், கீழ இருந்து உறிஞ்சிக் குடுக்க ஆளில்ல. துளிர் வந்த சந்தோஷத்துல தொட்டிய நல்ல வெயிலுக்கு மாத்திருப்பீங்க, அதோட முடிஞ்சுது.

பென்சில் தடிமன்ல நல்லா முத்தின குச்சியா எடுங்க, நுனிப் பச்சை வேணாம். ஒரு முக்கால் அடி நீளம், நாலஞ்சு கணு இருக்கணும். அடிப்பக்கம் கணுவுக்கு கொஞ்சம் கீழ சாய்வா, மேல நேரா வெட்டுங்க, தலைகீழா நட்டுட மாட்டீங்க. இலையெல்லாம் கிள்ளிட்டு ஆத்து மணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) பாதிக்குப் பாதி கலந்து மூணுல ரெண்டு பங்கு உள்ள போற மாதிரி வைங்க. உரம் இப்ப வேண்டவே வேண்டாம், அழுகத்தான் செய்யும். மேல பிளாஸ்டிக் கவர் மூடி மரநிழல்லயோ நேர் வெயில் படாத சுவர் ஓரமாவோ வச்சிடுங்க, ஆனா கவர் போட்டத வெயில்ல மட்டும் வச்சிடாதீங்க, உள்ள வெந்துரும். மண்ணு ஈரமா இருந்தா போதும், சொதசொதன்னு வேணாம்.

ஹார்மோன் பவுடர் மாதுளைக்கு உதவும், அத்திக்கும் மல்பெரிக்கும் இல்லாமலே வரும். கத்தாழை, தேன் எல்லாம் தடவுறாங்க, எனக்கு அதுல பெரிசா நம்பிக்கை இல்ல. முதல் தடவைன்னா மல்பெரில ஆரம்பிங்க, பட்டுப்பூச்சிக்குப் போடுற தோட்டமே குச்சி நட்டு வளர்த்ததுதான்.

அத்தி ஒரு மாசம் ஒன்றரை மாசம் எடுக்கும், மாதுளைக்கு இன்னும் கூட ஆகலாம். நடுவுல பிடுங்கிப் பாக்காதீங்க, அடி ஓட்டைல வெள்ளை வேர் எட்டிப் பாக்கும், அப்புறமா கவர கொஞ்சம் கொஞ்சமா திறந்து, முதல்ல காலை வெயில் மட்டும் காட்டுங்க.

மாவுக்கு குச்சி முறை வீட்ல சரிவராது, ஒட்டுக்கன்னு வாங்கிடுங்க. கொய்யா ஆசை இருந்தா குச்சி வெட்டாம, மழை ஆரம்பிச்சதும் மரத்துலயே பதியன் போடுங்க, அதாவது கிளைய வெட்டாம அதுலயே வேர் விட வைக்கிறது.